ஒத்து ஊதுபவரா கிறிஸ் லோ?

அன்புள்ள ஐயா,

கல்லூரி நாட்களில் குன்னூரில் வாங்கிய ஒரு கேசட்டின் வழியாகப் பெட் ஷாப் பாய்ஸ் என்ற இங்கிலாந்து பாப் இசை இரட்டையர் எனக்கு அறிமுகமானார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர்களைக் கேட்டு வருகிறேன். அண்மையில் அவர்களுடைய மேடைக் காட்சி ஒன்றைப் பார்த்த என் மருமகன், “நீல் டெனன்ட் பாடுகிறார், சரி, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கீபோர்டின் முன் அசையாமல் நிற்கும் கிறிஸ் லோ வெறுமனே ஒத்து ஊதுபவர்தானே?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

வாசகர், கோத்தகிரி

அன்புள்ள நண்பருக்கு,

குன்னூர் தந்தி மாரியம்மன் திருவிழாவில் ஒருமுறை நாதஸ்வரக் குழுவுக்கு மிக அருகில் உட்கார நேர்ந்தது. ஒத்துக்காரர் கன்னம் உப்ப, மூச்சு அறாமல் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருந்தார். சீவாளியைச் சரிசெய்ய அவர் நிறுத்திய சில விநாடிகளில் நாயனம் கால் ஊன்ற இடமின்றித் தவித்தது. அதைப் பக்கத்திலிருந்து கேட்ட எவரும் ஒத்து ஊதுவதை வசையாகச் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் லோ ஒத்துக்காரரும் அல்லர். 1981இல் லண்டன் கிங்ஸ் ரோட்டில் ஒரு மின்னணுப் பொருள் கடையில் இருவரும் தற்செயலாகச் சந்தித்தபோது அவர் கட்டடக்கலை மாணவர். பாடல்களை அன்றிலிருந்து இருவரும் சேர்ந்தே எழுதுகிறார்கள். பெயரும் இருவருடையதாகவே வருகிறது. டெனன்டோ சில காலம் ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ என்ற பாப் இதழில் பணியாற்றியவர், ஆகவே நட்சத்திரங்களின் பாவனைகள் எப்படித் தயாராகின்றன என்பதை உள்ளிருந்து அறிந்தவர். 1987இல் வந்த ‘ஆக்சுவலி’ தொகுப்பின் அட்டையைப் பாருங்கள்: விருந்து உடையில் இருவர், டெனன்ட் வாய் பிளந்து கொட்டாவி விடுகிறார், லோ சிரிப்பின்றி நம்மையே முறைக்கிறார். கணிப்பொறி வாசிக்கும் இசைக்குத் தான் வியர்வை சிந்துவதாக நடிக்க மறுக்கும் அந்த நேர்மைதான் மேடையில் லோவின் அசைவின்மையாக நிற்கிறது என்பது என் எண்ணம். (பிற்காலத் தொகுப்புகளில் சிலவற்றை நான் ஒருமுறைக்கு மேல் கேட்டதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.)

உங்கள் மருமகனுக்கு 1990இல் வெளிவந்த ‘பீயிங் போரிங்’ பாடலைப் போட்டுக் காட்டுங்கள். எய்ட்ஸ் நோயால் இறந்துபோன இளமைக்கால நண்பனை நினைத்து டெனன்ட் எழுதிய வரிகள் அவை. குரல் ஓரிடத்திலும் அழுவதில்லை, அழுகையை அடியில் நகரும் இசையே சுமக்கிறது. அதன் முன்னிசை நீளமானது, அவசரப்படுபவர் ‘இன்னும் பாட ஆரம்பிக்கவில்லையா?’ என்று கேட்பார். கேட்டால், லோ எங்கே இருக்கிறார் என்று காட்ட அதுதான் சமயம்.

கேசட்டை மட்டும் மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டாம். நம் மலை ஈரத்தில் என்னுடைய நாடாவில் வெள்ளைப் பூஞ்சை படிந்து, பிளேயரின் ஹெட்டும் சேர்ந்து வீணானது.