செட்டிநாட்டில் மருது பாண்டியர் போர் நடந்த இடங்களை எப்படிச் சுற்றிப் பார்ப்பது?

கேள்வி: குடும்பத்தோடு இரண்டு நாள் காரைக்குடியில் தங்குகிறோம். செட்டிநாட்டு வீடுகளோடு வேலு நாச்சியார், மருது பாண்டியர் காலத்துப் போர்க்களங்களையும் பார்த்துவிட முடியுமா?

பதில்:

தாராளமாக முடியும். ஆனால் வேலி போட்டு, பலகை வைத்து "இதுதான் போர்க்களம்" என்று காட்டும் இடம் எதுவும் இங்கே கிடையாது. 1801இல் சண்டை நடந்தது அடர்ந்த காட்டில். அந்தக் காடு இன்று வயலும் கண்மாயும் கருவேலமுமாகக் கிடக்கிறது. மிச்சமிருப்பவை கோயில், கோட்டை, சமாதி. அதனால் தூரத்தைப் பார்த்து ஊர்களை அடுக்காதீர்கள், கோயில் நடை திறக்கும் நேரத்தைப் பார்த்து அடுக்குங்கள். மதியம் 12 மணி வாக்கில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். பலருக்குப் பயணம் கெடுவது இதில்தான். காலையில் வீடுகளையும் கடைகளையும் சுற்றிவிட்டு ஒரு மணிக்குக் காளையார்கோவிலில் போய் இறங்குகிறார்கள். வெளியே நின்று கோபுரத்தைப் படம் எடுப்பதோடு சரி.

முதல் நாள் காலை 7 மணிக்கே கிளம்பி, கல்லல் வழியாகக் காளையார்கோவில் போங்கள். சுமார் 30 முதல் 35 கிலோமீட்டர். வழியில் வரும் சிறுவயல் மருது சகோதரர்களின் ஊர். பாஞ்சாலங்குறிச்சி விழுந்தபின் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை அடைக்கலம் தேடி வந்ததும் இங்கேதான். மேப்பில் தேடும்போது கவனம்: மஞ்சுவிரட்டுக்குப் பேர்போன சிராவயல் வேறு ஊர், அது பிள்ளையார்பட்டிப் பக்கம் இருக்கிறது. வாடகைக் கார் ஓட்டுநர்களும் சில நேரம் அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

1801 ஆகஸ்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் அக்னியூவின் படை சிறுவயலிலிருந்து மரங்களை வெட்டி, காளையார்கோவிலுக்குக் காட்டுக்குள் பாதை போடப் பார்த்தது. ஒரு மாதம் முட்டிப் பார்த்தும் முடியவில்லை. மரம் வெட்டியவர்கள் மீது காட்டுக்குள்ளிருந்து தாக்குதல் ஓயவேயில்லை. அந்த முயற்சியைக் கைவிட்டு, வேறு பக்கங்களிலிருந்து வளைத்து வந்துதான் அக்டோபர் 1ஆம் தேதி காளையார்கோவிலைப் பிடித்தார்கள். எனவே போர்க்களம் எங்கே என்று கேட்டால், நீங்கள் காரில் முக்கால் மணி நேரத்தில் கடக்கிற இந்த நிலப்பரப்புதான் போர்க்களம். அவசரப்படாமல் போங்கள்.

காளையார்கோவிலுக்கு இரண்டு போர்கள் உண்டு, வழிகாட்டிகளே இரண்டையும் குழப்புவார்கள். முதலாவது 1772 ஜூன் 25. ஆற்காட்டு நவாபுக்காக வந்த கம்பெனிப் படை, ஜோசப் ஸ்மித் கிழக்கிலிருந்தும் போன்ஜூர் மேற்கிலிருந்தும் நெருக்க, சிவகங்கை மன்னரும் வேலு நாச்சியாரின் கணவருமான முத்துவடுகநாதர் இங்கே கொல்லப்பட்டார். வேலு நாச்சியார் தப்பித் திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சிக்குப் போய், ஹைதர் அலியின் உதவியோடு 1780இல் சிவகங்கையை மீட்டார். இரண்டாவது, மேலே சொன்ன 1801.

கோயிலில் இரண்டு ராஜகோபுரங்கள் நிற்கும். உயரமானது பெரிய மருது கட்டியது. அதற்கான செங்கலை மானாமதுரையிலிருந்து ஆட்கள் வரிசையாக நின்று கைமாற்றியே கொண்டுவந்தார்கள் என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். உள்ளே காளீஸ்வரர், சோமேஸ்வரர், சுந்தரேஸ்வரர் என்று மூன்று சிவன் சன்னதிகள். ஆனைமடு தெப்பக்குளத்தையும் பார்த்துவிடுங்கள். மருது சகோதரர்களின் சமாதி கோயிலுக்கு எதிரே இருக்கிறது. சரணடையாவிட்டால் கோபுரத்தை இடிப்போம் என்று மிரட்டியதால்தான் அவர்கள் பிடிகொடுத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. சமாதியருகே நின்று அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தால் அது ஏன் இன்றும் சொல்லப்படுகிறது என்று புரியும். இந்த இடத்துக்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திருப்பத்தூர். 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட ஊர். சுவீடிஷ் மிஷன் மருத்துவமனை வளாகத்தில் நினைவுத்தூண் இருக்கிறது. நோயாளிகள் வந்துபோகும் இடம், சத்தமில்லாமல் பார்த்து வாருங்கள். பஸ்ஸிலோ ஆன்லைனிலோ டிக்கெட் எடுத்தால் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூரா என்று பார்த்துக்கொள்ளுங்கள், வேலூர்ப் பக்கம் ஒரு மாவட்டமே அந்தப் பெயரில் இருக்கிறது. காரைக்குடி திரும்பும் வழியில் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி இரண்டும் மாலை நடைக்குச் சரியாக அமையும்.

அக்டோபர் 24 முதல் 30 வரை மட்டும் வரவேண்டாம். திருப்பத்தூரில் 24, காளையார்கோவிலில் 27 மருது சகோதரர்களின் குருபூஜை, பசும்பொன்னில் 30 தேவர் ஜெயந்தி. வெளியூர் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருக்கும், பாதையை மாற்றிவிடுவார்கள், குழந்தைகளோடு சிரமம்.

இரண்டாம் நாள் காலை திருமயம் கோட்டை, காரைக்குடியிலிருந்து 20 கிலோமீட்டர் சுமார். ஊமையன் கோட்டை என்று பெயர் இருந்தாலும் ஊமைத்துரை கட்டியதல்ல. 1687இல் கட்டிய, ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதி காலத்துக் கோட்டை. 10 மணிக்குள் ஏறி இறங்கிவிடுங்கள். முழுக்கப் பாறை, நிழல் கிடையாது, வெயில் ஏறினால் சூடு காலணியைத் தாண்டி வரும். உச்சிக் கொத்தளத்தில் பீரங்கி நிற்கிறது. பாதி வழியில் பாறையைக் குடைந்த சிறு சிவன் சன்னதிக்கு இரும்பு ஏணியில் ஏற வேண்டும். ஏணி செங்குத்து, சேலை கட்டியவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் வேண்டாம். தண்ணீரைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் சத்தியகிரீஸ்வரர் குடைவரையும் பள்ளிகொண்ட பெருமாளின் குடைவரையும் அடுத்தடுத்து இருக்கின்றன. நடை சாத்துவதற்குள் இரண்டையும் முடிக்கலாம்.

அங்கிருந்து கானாடுகாத்தான். ராஜா அரண்மனையை வெளியிலிருந்து பார்ப்பதாக நினைத்துப் போங்கள். உள்ளே பார்க்க ஆசையென்றால் ஆத்தங்குடியில் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டும் பெரிய வீடு இருக்கிறது. அதே ஊரில் தரையில் பதிக்கும் பூப்போட்ட கல் (டைல்ஸ்) செய்யும் பட்டறைக்கும் போங்கள். கண்ணாடித் தட்டின்மேல் அச்சை வைத்து, பூவுக்கு ஒரு நிறம் இலைக்கு ஒரு நிறம் என்று சிமெண்டுக் கலவையைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை எடுத்ததும் உலர்ந்த மணல் சிமெண்டைத் தூவி, அதன்மேல் ஈரச் சாந்து வைத்து மட்டம் தட்டுவார்கள். ஒரு நாள் காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊறும். கண்ணாடி கழன்று வரும்போது அந்த வழவழப்பு கல்லோடு வந்துவிடும், தனியாக மெருகு போடுவதில்லை. வாங்கினால் மடியில் வைத்துக் கொண்டுபோக நினைக்காதீர்கள். கனம் அதிகம், ஓரம் உடையும். லாரியில் போடச் சொல்லுங்கள்.

சென்னைக்குப் பல்லவன் ரயிலில் திரும்புவதாக இருந்தால், அது காரைக்குடியிலிருந்து அதிகாலையில் கிளம்பும் வண்டி. இரண்டாம் நாள் இரவும் ஊரிலேயே தங்கும்படி அறை எடுங்கள்.