கண்ணீரில் உள்ள கிருமி அழிக்கும் நொதிகள் எங்கிருந்து வருகின்றன?

கேள்வி: எனக்கு வயது 54. உலர் கண் பாதிப்பு இருப்பதால், ஓராண்டாகச் செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்து பயன்படுத்தி வருகிறேன். மனிதக் கண்ணீரில் பாக்டீரியாவை அழிக்கும் நொதிகள் இருப்பதாக அண்மையில் படித்தேன். அவை இரத்தத்திலிருந்து வடிகட்டப்பட்டுக் கண்ணுக்கு வருகின்றனவா, அல்லது கண்ணிலேயே உருவாகின்றனவா? நான் போட்டுக்கொள்ளும் சொட்டு மருந்தில் அவை உண்டா? உணவின் மூலம் அவற்றை அதிகரித்துக்கொள்ள முடியுமா?

பதில்: கண்ணீரில் உள்ள பாதுகாப்பு நொதிகளுள் முதன்மையானது லைசோசைம். அது இரத்தத்திலிருந்து வடிந்து வருவதில்லை. கண்ணீர்ச் சுரப்பியின் செல்கள் அதைத் தாமே தயாரிக்கின்றன. இதற்கு எளிய சான்று ஒன்று உண்டு. ஒரு மில்லிலிட்டர் கண்ணீரில் ஏறத்தாழ 1 முதல் 3 மில்லிகிராம் வரை லைசோசைம் இருக்கிறது. இரத்தத்தில் இருக்கும் அளவோ இதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. வெறுமனே வடிகட்டப்பட்டு வரும் பொருள் இவ்வாறு நூறு மடங்குக்கு மேல் செறிவடைய வழியில்லை. இரத்தம் நீரையும் உப்புகளையும் அமினோ அமிலங்களையும் கொண்டுவந்து சேர்க்கிறது. அவற்றிலிருந்து புரதத்தை உருவாக்கும் வேலை சுரப்பியில்தான் நடக்கிறது.

அந்தச் சுரப்பி ஒவ்வொரு கண்ணின் மேற்புறத்திலும், வெளி ஓரத்தை ஒட்டி, நெற்றி எலும்பில் உள்ள சிறு பள்ளத்தில் அமைந்திருக்கிறது. பாதாம் பருப்பின் அளவே உள்ள இதிலிருந்து ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு நுண்குழாய்கள் புறப்பட்டு, மேல் இமையின் உட்புற மடிப்பில் திறக்கின்றன. இதைத் தவிர இமைகளின் உட்பரப்பில் கிராஸ் சுரப்பிகள், வுல்ஃப்ரிங் சுரப்பிகள் எனப்படும் துணைச் சுரப்பிகள் பதிந்திருக்கின்றன. இவையும் லைசோசைமைச் சுரக்கின்றன. ஆகவே நீங்கள் அழாமல், கண்ணில் எந்த உறுத்தலும் இல்லாமல் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போதும் உங்கள் கண்ணின் மேற்பரப்பில் இந்த நொதி இருந்துகொண்டேயிருக்கிறது.

சுரப்பியின் மெல்லிய சீவல் ஒன்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், நடுவில் சிறு துளையை விட்டு அதைச் சுற்றி வளையமாக அமைந்த செல்கள் கொத்துக் கொத்தாகத் தெரியும். ஒவ்வொரு செல்லின் அடிப்பகுதியிலும் உட்கரு இருக்கிறது. அதில் உள்ள 12-வது குரோமோசோமில் லைசோசைமுக்கான மரபணு அமைந்திருக்கிறது. அந்த மரபணுவின் நகல்படி ரைபோசோம்கள் அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதச் சங்கிலியை உருவாக்குகின்றன. அது மடிந்து உரிய வடிவத்தைப் பெற்று, புரதங்களைப் பொதிந்து அனுப்பும் கால்கி உறுப்பின் வழியாகச் சென்று, சிறு குமிழ்களில் நிரப்பப்பட்டு, துளையை நோக்கிய முனையில் சேமித்து வைக்கப்படுகிறது. நுண்ணோக்கியில் அந்த முனை முழுவதும் மணிமணியாகத் தெரிவது இந்தக் குமிழ்கள்தான்.

குமிழ்களைத் திறக்கும் ஆணை நரம்பு வழியாக வருகிறது. கருவிழியில் தூசி பட்டவுடன் முக்கிளை நரம்பு அச்செய்தியை மூளைத்தண்டுக்குக் கொண்டுசெல்கிறது. அங்கிருந்து முகநரம்பின் கிளை வழியாக ஆணை சுரப்பிக்குத் திரும்புகிறது. நரம்பின் முனையில் அசிடைல்கோலின் என்னும் வேதிப்பொருள் வெளிப்பட்டுச் செல்லின் ஏற்பியில் (செய்தியைப் பெறும் புரதத்தில்) சேரும்போது, குமிழ்கள் செல்சவ்வோடு இணைந்து, உள்ளிருக்கும் நொதியைத் துளைக்குள் கொட்டுகின்றன. இதனால்தான் கண்ணீர் பெருகி வழியும்போதும் அதில் லைசோசைமின் செறிவு பெரிதாகக் குறைவதில்லை. அசிடைல்கோலினின் இந்தப் பங்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உலர் கண்ணைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

லைசோசைமோடு வேறு சில பொருள்களும் அதே செல்களிலிருந்து வருகின்றன. லாக்டோஃபெரின் ஒரு நொதியாக முதன்மைப் பணி செய்வதில்லை. அது பாக்டீரியா வளர்வதற்குத் தேவையான இரும்பைப் பற்றிக்கொண்டு, அவற்றுக்குக் கிடைக்காமல் செய்யும் புரதம். பாஸ்ஃபோலிப்பேஸ் ஏ2 என்ற நொதி பாக்டீரியாவின் சவ்வில் உள்ள கொழுப்பைச் சிதைக்கிறது. இம்யூனோகுளோபுலின் ஏ என்னும் எதிர்ப்புரதத்தின் வழி மட்டும் வேறு. அதைத் தயாரிப்பவை சுரப்பிச் செல்கள் அல்ல, அவற்றுக்கு இடையில் குடியேறியுள்ள பிளாஸ்மா செல்கள் என்னும் நோய் எதிர்ப்புச் செல்கள். சுரப்பிச் செல்கள் அதை ஒருபுறம் வாங்கி, தம் உடல் வழியே கடத்தி, மறுபுறம் கண்ணீரில் சேர்க்கின்றன. கண்ணில் அழற்சி ஏற்படும்போது வெண்படலத்தின் இரத்தக் குழாய்களிலிருந்து அல்புமின் போன்ற புரதங்கள் கசிந்து கண்ணீரில் கலப்பதும் உண்மையே. இரத்தத்திலிருந்து வருகிறது என்ற எண்ணத்துக்கு இந்தக் கசிவும் ஒரு காரணமாக இருக்கலாம். தூக்கத்தில் இமைகள் மூடியிருக்கும்போது கண்ணீர்ச் சுரப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அந்நேரத்தில் இம்யூனோகுளோபுலின் ஏ-யின் பங்கு கூடுகிறது. வெள்ளணுக்களும் கண் பரப்புக்கு வந்து சேர்கின்றன. வெள்ளணுக்களும் தமக்குள் லைசோசைமை வைத்திருப்பவையே.

லைசோசைமைக் கண்டறிந்தவர் அலெக்ஸாண்டர் ஃபிளெமிங். பெனிசிலினுக்குச் சில ஆண்டுகள் முன்பு, 1921-இல், லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் பணியாற்றியபோது, சளி பிடித்திருந்த தம் மூக்கிலிருந்து எடுத்த நீரைப் பாக்டீரியா வளர்ப்புத் தட்டில் இட்டு, அதைச் சுற்றியிருந்த பாக்டீரியாக் கூட்டங்கள் கரைவதைக் கவனித்தார். பின்னர் கண்ணீரைச் சோதித்தபோது, பாக்டீரியா கலந்து கலங்கியிருந்த திரவம் ஒரு துளி கண்ணீரால் சிறிது நேரத்திலேயே தெளிந்தது. கலங்கல் தெளிந்ததற்குக் காரணம் பாக்டீரியாவின் சுவர் உடைந்ததுதான். அந்தச் சுவர் இரு வகைச் சர்க்கரை மூலக்கூறுகள் மாறி மாறிக் கோத்த நீண்ட இழைகளால் ஆனது. லைசோசைம் அவற்றுக்கு இடையிலுள்ள பிணைப்பை வெட்டுகிறது. சுவர் பலமிழந்ததும் உள்ளழுத்தம் தாங்காமல் பாக்டீரியா வெடித்துவிடுகிறது. மனித செல்லுக்கு அத்தகைய சுவரே இல்லாததால், நம் கருவிழியை இந்த நொதி தொடுவதில்லை.

ஆனால் எல்லாப் பாக்டீரியாக்களும் இதற்குப் பணிந்துவிடுவதில்லை. கிராம்-நெகட்டிவ் வகையினத்துக்குச் சுவருக்கு வெளியே இன்னொரு சவ்வு காவலாக இருக்கிறது. லாக்டோஃபெரின் அந்தச் சவ்வைத் தளர்த்தி லைசோசைமுக்கு வழிவிடுகிறது. இமை ஓரத்தில் அடிக்கடி காணப்படும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் தன் சுவரின் வேதி அமைப்பைச் சற்றே மாற்றிக்கொண்டு லைசோசைமை எதிர்த்து நிற்கிறது. ஆனால் பாஸ்ஃபோலிப்பேஸ் ஏ2 அதை வீழ்த்துகிறது. இந்தப் பொருள்கள் ஒன்றையொன்று துணைகொண்டே இயங்குகின்றன. ஆகவே ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துப் புட்டியில் அடைத்துக் கண்ணில் விட்டாலும், முழுக் கண்ணீரின் பாதுகாப்பு கிடைக்காது.

இனி உங்கள் சொட்டு மருந்துக்கு வருகிறேன். செயற்கைக் கண்ணீரில் பெரும்பாலும் இருப்பவை நீர், உப்புகள், கண் பரப்பில் ஈரத்தைத் தக்கவைக்கும் செல்லுலோஸ் வகை அல்லது ஹயலுரானிக் அமிலம் போன்ற பொருள்கள். லைசோசைம் இல்லை. அவை உராய்வையும் எரிச்சலையும் குறைப்பதால் அவற்றைப் பயன்படுத்துவது சரியே. அவற்றால் உங்கள் சுரப்பி நொதியைத் தயாரிப்பதை நிறுத்திவிடும் என்ற அச்சம் வேண்டாம். நாளொன்றுக்கு நான்கு முறைக்கு மேல் போட வேண்டியிருந்தால் மட்டும், பதப்படுத்தும் பொருள் சேர்க்காத வகையைத் தரும்படி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பென்சால்கோனியம் குளோரைடு என்ற பதப்பொருள் அடிக்கடி பட்டால் கண் பரப்பின் செல்களைப் பாதிக்கும்.

அதைவிட முக்கியமாக நான் கேட்க விரும்புவது, உங்கள் கண் ஏன் உலர்ந்தது என்பதை யாராவது சோதித்தார்களா என்பதுதான். இமை ஓரத்தில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபட்டுக் கண்ணீர் விரைவில் ஆவியாகும் வகையில், கண்ணீர்ச் சுரப்பி நன்றாகவே இருக்கக்கூடும். நொதிகளுக்கும் பெரிய குறை இராது. கண்ணீர்ச் சுரப்பியே பாதிக்கப்படும் வகையில் நிலைமை வேறு. வயது கூடும்போது லைசோசைமும் லாக்டோஃபெரினும் ஓரளவு குறைவது இயல்பே. ஷோகிரன் நோயில் உடலின் எதிர்ப்புச் செல்களே சுரப்பியைத் தாக்குவதால் இவை வெகுவாகக் குறைகின்றன. கண்ணோடு வாயும் உலர்ந்து மூட்டுவலியும் இருந்தால் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். ஒவ்வாமைக்குத் தரப்படும் பழைய வகை மாத்திரைகள், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் ஆகியவை மேலே சொன்ன அசிடைல்கோலினின் ஏற்பியைத் தடுக்கும் இயல்புடையவை. அவற்றை உட்கொள்பவரின் சுரப்பியில் குமிழ்கள் நிறைந்திருந்தாலும் திறக்கும் ஆணை சரியாகப் போய்ச் சேராது. நீங்கள் எந்த மாத்திரை எடுத்தாலும் அதன் பட்டியலைக் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்; நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

உணவைப் பொறுத்தவரை, நொதியை விழுங்கிக் கண்ணீருக்கு அனுப்ப முடியாது. அது புரதம் என்பதால் பெரும்பாலும் செரிமானத்தில் சிதைந்துவிடும். போதிய புரதமும் வைட்டமின் ஏ-யும் உணவில் இருந்தால் சுரப்பிக்குத் தேவையானது கிடைத்துவிடும். வைட்டமின் ஏ குறைபாடு உள்ளவர்களுக்குக் கண் பரப்பு உலர்ந்து தடிக்கும்; அவர்களுக்கு அதைக் கொடுப்பது சிகிச்சை. குறைபாடு இல்லாதவர் அளவுக்கு மீறி எடுத்தால் கல்லீரலுக்குக் கேடு.

கண்ணீர் குறைந்த கண்ணில் தொற்று எளிதில் பற்றும் என்பதால், அழுக்குக் கையால் தேய்ப்பதையும் கான்டாக்ட் லென்ஸுடன் தூங்குவதையும் தவிர்த்துவிடுங்கள். கண் சிவந்து வலித்தாலோ, வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ, சீழ் வந்தாலோ, பார்வை மங்கினாலோ, அதே நாளில் கண் மருத்துவரைப் பாருங்கள். அந்நிலையில் வீட்டில் மீதமிருக்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை மட்டும் போட்டுக்கொள்ளாதீர்கள். அது சிவப்பைக் குறைத்துக் காட்டும். ஆனால் கருவிழியில் தொற்று இருந்தால், கண்ணின் எதிர்ப்புச் சக்தியைத் தணித்து, தொற்று ஆழமாகப் பரவ இடங்கொடுத்துவிடும்.