கல்லீரல் கட்டி ஆபரேஷன்: துளை போட்டா, வயிற்றைத் திறந்தா? – கேள்வி பதில்

பதில் சொல்பவர்: சமவெளியில் கல்லீரல் ஆபரேஷன் தியேட்டரில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது குன்னூரில் வசிக்கும் செவிலியர்.

கோத்தகிரியிலிருந்து: சிஸ்டர், அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்தது. இப்போது கல்லீரலின் வலது கீழ் ஓரத்தில் 3 செ.மீ. கட்டி. டாக்டர் லேப்ராஸ்கோப்பி, அதாவது சின்னத் துளைகள் வழியாகக் கேமராவும் கருவியும் விட்டுச் செய்யலாம் என்கிறார். சொந்தக்காரர்களோ, திறந்து பார்த்தால்தான் முழுசாக எடுக்க முடியும் என்கிறார்கள்.

சொந்தக்காரர்களின் பயம் நியாயமானதுதான், தம்பி. சர்ஜன்களுக்கே அந்தப் பயம் வெகுகாலம் இருந்தது. நார்வேயின் ஆஸ்லோ நகரில் அதைச் சோதித்தே பார்த்தார்கள். உங்கள் அப்பாவைப் போல, புற்றுநோய் குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய 280 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் துளை வழியாகவும் மறு பாதிக்குத் திறந்தும் செய்தார்கள். முதல் 30 நாளில் சிக்கல் வந்தது துளை வழியில் 19 சதவீதம் பேருக்கு, திறந்ததில் 31 சதவீதம் பேருக்கு. ஆஸ்பத்திரியில் இருந்தது துளை வழியில் 53 மணி நேரம், திறந்ததில் 96 மணி நேரம். கட்டியைச் சுற்றி நல்ல சதையோடு வெட்டி எடுத்ததில் வித்தியாசம் இல்லை. ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பக்கமும் பாதிக்குக் கொஞ்சம் மேல் பேர் உயிரோடு இருந்தார்கள்; அதாவது 54, 55 சதவீதம்.

கீழ் ஓரம் கருவிக்கு எட்டுகிற இடம். ஆனால் அந்த ஆய்வு நல்ல கைப்பழக்கம் உள்ள ஒரே மருத்துவமனையில் நடந்தது. அதனால் உங்கள் டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: "கல்லீரலில் இதை அடிக்கடி செய்கிறீர்களா?" பித்தப்பை லேப்ராஸ்கோப்பி செய்த அனுபவம் இதற்குப் போதாது.

கூடலூரிலிருந்து: எனக்கு 6 செ.மீ. கட்டி, மேலே பின்பக்கம். திறந்துதான் செய்யணும் என்று சொல்லிவிட்டார். புது முறை தெரியாதவரோ என்று சந்தேகம்.

சந்தேகப்படாதீர்கள். கல்லீரலை எட்டுப் பகுதிகளாகப் பிரித்துச் சொல்வார்கள். உங்கள் கட்டி இருப்பது அநேகமாக 7 அல்லது 8-இல். விலா எலும்புக்கு உள்ளே, உதரவிதானத்துக்கு அடியில், பெரிய ரத்தக்குழாய்களுக்குப் பக்கத்தில். 2008-இல் அமெரிக்காவின் லூயிவில்லில் கூடிய நிபுணர்கள் துளை வழிக்குத் தோதானது என்று சொன்னது 2 முதல் 6 வரையுள்ள பகுதிகளில், 5 செ.மீ.க்குள் இருக்கும் ஒற்றைக் கட்டியை. அந்த எல்லையை இன்று சிலர் தாண்டிச் செய்கிறார்கள், ஆனால் அது மிகவும் கைதேர்ந்தவர்களின் வேலை. அங்கே ஒரு சிரை கிழிந்தால், திறந்த வயிற்றில் சர்ஜன் விரலால் உடனே அழுத்திப் பிடிப்பார். கேமரா வழியாக அது அவ்வளவு சுலபம் இல்லை. திறக்கணும் என்று தயங்காமல் சொல்கிற டாக்டரை நான் நம்புவேன்.

துளையில் ஆரம்பித்துவிட்டுப் பாதியில் திறப்பதும் உண்டு. அப்படி நடந்தால் டாக்டர் தோற்றுவிட்டார் என்று வீட்டார் நினைக்க வேண்டாம். ஆளைக் காப்பாற்றத்தான் திறக்கிறார்.

ஊட்டியிலிருந்து: எனக்கு 4 செ.மீ. ஹெமாஞ்சியோமா, வலி எதுவும் இல்லை. சின்னத் துளைதானே, எடுத்துவிடலாமா?

வேண்டாம். அது புற்றுநோய் இல்லாத ரத்தக்குழாய்க் கட்டி. தொந்தரவு தராதவரை அதைத் தொட வேண்டியதில்லை.

குன்னூரிலிருந்து: கொழுந்து பறிக்கிற வேலை, அக்கா. எப்போது தோட்டத்துக்குத் திரும்பலாம்?

மறுநாளே எழுந்து நடக்கச் சொல்வார்கள், நடங்கள். துளை வழி என்றால் வீட்டு வேலைக்கு இரண்டு மூன்று வாரம், தோட்டத்துக்கு ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்தது என்றால் மூன்று மாதம் வரை சுமை தூக்கவே கூடாது. சரிவில் நின்று மூட்டையைத் தூக்கும்போது வயிற்றுச் சுவரில் விழுகிற அழுத்தம் அதிகம். பெரிய தையல் அங்கேதான் விட்டுக்கொடுத்துக் குடலிறக்கம் ஆகும். துளை வழியிலும், கட்டியைப் பைக்குள் போட்டு வெளியே எடுக்க அடிவயிற்றில் ஒரு வெட்டு இருக்கும், அதை மறந்துவிடாதீர்கள். மேஸ்திரியிடம் காட்ட டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேத்தியிலிருந்து: வீட்டுக்காரருக்குக் குடியால் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்), கூடவே 2.5 செ.மீ. கட்டி. எந்த ஆபரேஷன் நல்லது?

அம்மா, இங்கே முதல் கேள்வி மீதிக் கல்லீரல் தாங்குமா என்பதுதான். நல்ல கல்லீரல் என்றால் கால்வாசி, முப்பது சதவீதம் மிச்சம் இருந்தாலே வளர்ந்துவிடும். சிரோசிஸில் நாற்பது சதவீதமாவது வேண்டும், அப்படியும் சரியாக வளராது. ரத்தத்தில் பிலிருபின் (காமாலையைக் காட்டும் மஞ்சள் நிறப்பொருள்), பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) எவ்வளவு, வயிற்றில் நீர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். தாங்கும் என்றால் துளை வழி இவருக்கு நல்லது. வயிற்றுச் சுவரை நீளமாக வெட்டாததால் பிறகு நீர் கோர்ப்பது குறைகிறது. இந்த அளவுக் கட்டியை ஊசி செலுத்திச் சூட்டால் கருக்கும் சிகிச்சையும் உண்டு, கல்லீரல் மாற்று ஆபரேஷனும் உண்டு. மூன்றையும் பற்றிக் கேளுங்கள். குடியை இன்றைக்கே நிறுத்தியாக வேண்டும்.

மீண்டும் ஊட்டியிலிருந்து: வயிற்றில் கேஸ் நிரப்புவார்களாமே, அதோடு மலை ஏறினால் உப்பிக்கொள்ளாதா?

அது கரியமில வாயு. முடிக்கும்போதே பெரும்பாலும் வெளியேற்றிவிடுவார்கள், மிச்சத்தை உடம்பு சில நாளில் உறிஞ்சிவிடும். தோளில் கொஞ்சம் வலி வரும், போய்விடும். எனக்குக் கவலை தூரத்தைப் பற்றித்தான். பித்தநீர்க் கசிவு, சீழ் எல்லாம் வீட்டுக்கு வந்த பிறகும் தலைகாட்டும். ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் இறங்கவே முடியாது. அதனால் முதல் ரிவ்யூ முடியும்வரை கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ தெரிந்தவர் வீட்டில் தங்குங்கள். காய்ச்சல், குளிர், கண் மஞ்சள், வயிறு வீக்கம், வயிற்றில் நீர் வடிய வைத்த டியூபில் மஞ்சளாகவோ சிவப்பாகவோ வருவது, இதில் எது வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்புங்கள்.

கோத்தகிரியிலிருந்து: முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஆகுமா?

அட்டையில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. சேருவதற்கு முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் உங்கள் ஆபரேஷன் பெயரைச் சொல்லி, துளை வழி, திறந்த வழி இரண்டுக்கும் அனுமதி உண்டா என்று கேளுங்கள். போகும்போது ரிப்போர்ட் காகிதத்தோடு ஸ்கேன் சிடியையும் எடுத்துப் போங்கள். சர்ஜன் படத்தைத் தானே பார்த்துத்தான் வழியை முடிவு செய்வார்.