தலையணை உறைக்குள் ஒரு பை

வணக்கம் அண்ணே,

என் மகனுக்கு 18 வயது. எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டு மலேசிய ராணுவத்தில்தான் சேருவேன் என்று ஒரே பிடிவாதம். நேர்முகத்துக்கு அழைப்பும் வந்துவிட்டது. சிறு வயதில் அவனுக்கு இழுப்பு உண்டு. 12 வயதுக்குப் பிறகு பெரிதாக எதுவும் இல்லை. புகைமூட்டம் வந்தால் மட்டும் இரண்டு மூன்று நாள் பம்ப் (இன்ஹேலர்) அடிப்பான். ‘எப்போதாவது ஆஸ்துமா இருந்ததா’ என்று பாரத்தில் கேட்டிருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள், ‘தீடாக்’ (இல்லை) என்று குறித்துவிடு என்கிறார் என் அண்ணன். ஏற்கெனவே ராணுவத்தில் நம் பிள்ளைகள் குறைவு. கிடைக்கிற இடத்தையும் விடலாமா? சொன்னால் நாளைக்குப் போலீஸ், தீயணைப்பு வேலைக்கும் தடையாகுமா?

வாசகி, பிறை

அன்புள்ள தங்கைக்கு,

‘யா’, ஆமாம் என்றே குறிக்கட்டும். அதிகாரி கேட்கும்வரை காத்திருக்காமல் அவனே வாயைத் திறந்து சொல்லட்டும். போலீஸோ தீயணைப்போ, அங்கே கேட்டாலும் இதே பதில்தான். நம் பிள்ளைகள் குறைவு என்ற வருத்தம் எனக்கும் உண்டு. அதைத் தூக்கி இந்தப் பையனின் நெஞ்சில் வைக்காதே.

உன் கடிதம் வந்தபோது பட்டர்வொர்த் வீட்டில் அம்மாவின் தையல் மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். மனம் முழுக்கத் தம்பிதான்.

1997. தம்பிக்கு 19 வயது. ராணுவத்தில் சேரக் கிளம்பினான். அவனுக்கும் இழுப்பு. எங்கள் வீட்டிலும் ஒரு மாமா இருந்தார், “கேட்டா இல்லைன்னு சொல்லிடு” என்று. அம்மா தலையணை உறையின் உள்பக்கம், ஓரத் தையலை ஒட்டி, ஒரு சின்னப் பை தைத்தார். நீல பம்ப் அதற்குள் கச்சிதமாக நின்றது. வெளியே தடவிப் பார்த்து “ஒண்ணும் தெரியலம்மா” என்று சொன்னவன் நான்.

அந்த செப்டம்பரில் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் காடு எரிந்த புகை இங்கே வந்து கவிந்தது. சரவாக்கில் அவசரநிலையே அறிவித்தார்கள். அந்த நாட்களில் ஒரு காலை, தம்பி திடலில் இருந்தபோது, முகாமில் விரிப்பு, உறை எல்லாவற்றையும் சலவைக்கு அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ராத்திரி இழுப்பு வந்துவிட்டது. சொன்னால் மறைத்தது தெரிந்துவிடும். போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்தே இருந்திருக்கிறான். உதடு நீலம் பாரித்த பிறகுதான் பக்கத்துக் கட்டிலில் இருந்த, சரவாக்கின் இபான் இனப் பையன் பார்த்து, தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். மருத்துவ அறையில் என்ன நோய் என்று கேட்டால் தூக்கி வந்தவனுக்குத் தெரியாது. தம்பிக்குச் சொல்ல மூச்சில்லை.

பிழைத்துக்கொண்டான். “கெனாப்பா தாக் சாக்காப்?” ஏன் சொல்லவில்லை என்று கேட்டு அந்தப் பையன் அழுதானாம். ஒரு மாதத்தில் தம்பி வீட்டோடு வந்துவிட்டான்.

‘பெரிதாக எதுவும் இல்லை’ என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்குக் கோபம். புகைக்குப் பம்ப் அடிக்கிற பிள்ளைக்கு நோய் இல்லை என்று சொன்னது யார்? நீ சொன்னாய், உன் அண்ணன் சொன்னார். டாக்டர் சொன்னாரா? சிறு வயதில் அடங்கிய ஆஸ்துமா பெரியவனான பிறகு திரும்பி வரலாம். மூச்சுக்குழாய் உள்ளே வீங்கி, சுற்றியுள்ள தசை இறுகுவதுதான் இழுப்பு. ஓட்டமும் தூசியும் புகையும் அதைக் கிளப்பிவிடும். நீல பம்ப் சில நிமிடத்தில் தசையைத் தளர்த்தும், நான்கைந்து மணி நேரம் தாங்கும். வீக்கத்தை அது தொடாது. முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்றை ஊத முடிகிறது என்று அளக்கும் சோதனை இருக்கிறது. நோய் அடங்கியிருக்கும் நாளில் அதுவும் எல்லாம் சரி என்றே காட்டலாம். ‘இப்போது இருக்கிறதா’ என்று கேட்காமல் ‘எப்போதாவது இருந்ததா’ என்று கேட்பது அதனால்தான். அந்த ஒரு சொல்லைத்தான் உன் அண்ணன் தாண்டிப் போகச் சொல்கிறார்.

ராணுவம் மட்டுமா? மாப்பிள்ளை வீட்டாரிடம் வலிப்பை மறைத்து, மாத்திரையை ரவிக்கைத் துணியில் சுற்றிப் பெண்ணோடு அனுப்பிய வீடு எனக்குத் தெரியும். அந்தப் பெண் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு மாத்திரை விழுங்குவாள். நோயை வெட்கமாக்கி, அந்த வெட்கத்தைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறோம். என் அம்மா அன்பால்தான் தைத்தார். நீயும் அன்பால்தான் கேட்கிறாய், தெரிகிறது.

சரி. கிளினிக்கில் அவனுடைய பழைய அட்டை இருந்தால் எடுத்து வை. டாக்டரிடம் காட்டி ஒரு கடிதம் வாங்கிக்கொள். நேர்முகத்தன்று நீ வெளியே உட்கார். அண்ணனைக் கூட்டிப் போகாதே. எடுக்காமலும் போகலாம், அதை அவனிடம் இன்றைக்கே சொல்லிவிடு. அழுதால் அழட்டும், பக்கத்தில் இரு.

முடிவு எதுவானாலும் எனக்கு எழுது. அப்புறம், அன்றைக்குப் போகும்போது பம்ப் அவன் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்