பங்காளி வீட்டு மாடியும் என் வீட்டு மாடியும்

மதிப்புக்குரிய டாக்டர் அம்மாவுக்கு வணக்கம்.

எனக்கு 41 வயது. ஈரோடு பக்கம் ஒரு கிராமத்தில் விசைத்தறி வைத்திருக்கிறேன். பக்கத்து வீடு பெரியப்பா மகனுடையது. சில மாதம் மூத்தவன், ஆனாலும் வாடா போடாதான். ஒரே பள்ளிக்கூடம், ஒரே சைக்கிளில் டபுள்ஸ். அவன் தறி போட்டதும் நானும் போட்டேன்.

அவன் 800 அடிக்கு போர் போட்டான் என்று நான் 1,000 அடி போட்டேன். 600லேயே நல்ல தண்ணீர் வந்துவிட்டது. போர் வண்டிக்காரர் ‘போதுங்கண்ணா’ என்றார். நான் நிறுத்தவில்லை. அப்புறம் அவன் கார் எடுத்தான். எனக்குக் கார் ஓட்டவே பயம். இருந்தும் அதே மாடலை லோனில் எடுத்து டியூ கட்டிக்கொண்டிருக்கிறேன். நான் மாடி எடுத்ததும் அவன் அதற்கு மேல் ஒரு மாடி எடுத்தான்.

போன மாதம் அவன் வீட்டு சன்ஷேடு பொதுச் சந்துக்குள் அரை அடி நீண்டுவிட்டது. டேப் வைத்து அளக்கும்போது அவன் டேப்பைப் பிடுங்கினான். நான் கடப்பாரையை எடுத்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள்தான் பிடித்தார்கள். பிறகு பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, ‘மேஸ்திரிதான் ரெண்டு பக்கமும் மூட்டிவிட்டான்’ என்று முடிவு செய்தார்கள். கூலி பாக்கியைக்கூடக் கொடுக்காமல் அவரை விரட்டினோம். அன்று சாயங்காலம் நாங்கள் இருவரும் ஒன்றாக டீ குடித்தோம். நாலு நாளில் பழையபடி போட்டி ஆரம்பித்துவிட்டது.

என் 9 வயது மகன் நேற்று அவன் மகனிடம், நான் சொன்ன அதே கெட்ட வார்த்தையைச் சொல்லிக் கல்லைத் தூக்கினான். என் பொறாமைக் குணத்துக்கு மருந்து உண்டா?

— பெயர் வேண்டாம்

அன்புள்ள சகோதரருக்கு,

பொறாமைக்கு மாத்திரை கிடையாது. ஆனால் கடப்பாரை சாதாரண விஷயமில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

தண்ணீர் 600லேயே வந்துவிட்டது. மீதி 400 அடி யாருக்காகப் போட்டது? அம்பானியின் 27 மாடி வீட்டைப் பார்த்து உங்களுக்கு என்றைக்காவது வயிறு எரிந்திருக்கிறதா? எரியாது. அவர் எட்டாத தூரத்தில் இருக்கிறார். பெரியப்பா மகனோ உங்கள் வயது, உங்கள் தொழில், உங்கள் சந்து. ரெனே ஜிரார் என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் (1923–2015) வாழ்நாள் முழுக்க இதைத்தான் ஆராய்ந்தார். நாம் ஒரு பொருளை நேராக ஆசைப்படுவது குறைவு, நமக்கு முன்மாதிரியாக இருக்கும் ஒருவர் அதை ஆசைப்படுவதால்தான் நமக்கும் அது வேண்டியிருக்கிறது என்றார். அந்த ஆள் தூரத்தில் இருந்தால் ரசிகராக இருந்துவிடுவோம். பக்கத்து வீட்டில் இருந்தால் போட்டியாகிவிடும். சண்டை முற்றும்போது பொருள் மறந்துபோகும், ஆள் மட்டும்தான் மிஞ்சுவார். அரை அடி சிமெண்டுக்காக யாராவது கடப்பாரை எடுப்பார்களா?

துரியோதனனுக்கு அஸ்தினாபுரத்தில் என்ன குறை? இந்திரப்பிரஸ்தத்தில் மயன் கட்டிய மண்டபத்தைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தங்கள் ஊரிலும் ஒரு புது மண்டபம் எழுப்பினார்கள். சூதாட்டம் நடந்தது அந்த மண்டபத்தில்தான்.

இன்னொன்று. நீங்கள் மாடி எடுத்த பிறகுதான் அவர் அடுத்த மாடி எடுத்தார் என்கிறீர்கள். அப்படியானால் அவரும் உங்களைப் பார்த்துத்தான் கட்டுகிறார். இதே கடிதத்தை அவரும் எனக்கு எழுதலாம், பெயரை மாற்றினால் போதும். யார் முதலில் ஆரம்பித்தது என்று பஞ்சாயத்து வைத்தால் சைக்கிள் காலம் வரைக்கும் போக வேண்டியிருக்கும், விடுங்கள். அவர் மேல் உங்களுக்கு உள்ளூர ஒரு மரியாதை இருக்கிறது. இல்லாவிட்டால் ஓட்டப் பயப்படுகிற உங்களுக்கு அவருடைய கார் மாடல் எதற்கு?

மேஸ்திரி விஷயத்தைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. இரண்டு பேர் கைகலக்கும் நேரத்தில் மூன்றாவதாக ஒரு பலவீனமான ஆளைப் பிடித்து ‘எல்லாம் இவனால்தான்’ என்று விரட்டினால் உடனே ஒற்றுமை வந்துவிடும். ஊர்கள் காலம்காலமாகச் செய்வது இது. பலியாடு என்று ஜிரார் சொன்னதும் இதைத்தான். அந்த டீ அவ்வளவு ருசியாக இருந்ததற்குக் காரணம் புரிகிறதா? பழைய ஆசை அப்படியே இருக்கிறது, அதனால்தான் நாலு நாள்கூடத் தாங்கவில்லை. மேஸ்திரியின் கூலி பாக்கியை அவர் வீட்டுக்கே போய்க் கொடுங்கள். அடுத்த தடவை ஒரு மருமகள்மீதோ ஒரு வேலைக்காரர்மீதோ பழி விழும்போது நீங்களாவது தலையாட்டாமல் இருங்கள்.

மகனைப் பற்றி: 1961இல் ஆல்பர்ட் பந்துரா என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைச் சுத்தியலால் அடித்துத் திட்டுவதைச் சில குழந்தைகள் பார்த்தன. பிறகு அந்தக் குழந்தைகளில் பலர் அதே மாதிரி அடித்தார்கள், அதே வார்த்தைகளைச் சொன்னார்கள். உங்கள் பையனுக்கு அறிவுரை சொல்வதைவிட, அவன் காது கேட்க நீங்கள் பெரியப்பா மகனை மரியாதையாகப் பேசுவது வேலை செய்யும். முதலில் நடிப்பாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

அந்தச் சந்தின் அகலத்தை நீங்கள் இருவரும் அளக்கவே கூடாது. அரசு நில அளவைக்குப் பணம் கட்டி மனு கொடுங்கள், சர்வேயர் வந்து கல் நடட்டும். காரை வைத்துக்கொள்வதா விற்பதா என்று யோசிக்கும்போது ‘அவன் என்ன நினைப்பான்’ என்ற கேள்வி எத்தனை தடவை வருகிறது என்று கவனியுங்கள். வந்தால் விரட்ட வேண்டாம், முடிவை மட்டும் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.

கடப்பாரையைத் தறிக்கூடத்துக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை மனைவியிடம் கொடுங்கள். மறுபடி கை பரபரத்தால் அந்த இடத்தைவிட்டு உடனே நகர்ந்துவிடுங்கள். அரசின் டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி சேவைக்கு, 14416, எந்த நேரத்திலும் கூப்பிடலாம். தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை.