பெரிய எண்ணைக் கண்டு மலைக்க வேண்டாம்

லொத்தர் சீட்டில் 142857 கிடைத்திருக்கிறது. இது அதிசய எண்ணாமே, பரிசு விழுமா? (பதுளை வாசகர்)

அதிசயம் உண்மை, பரிசுக்கு உத்தரவாதமில்லை. 2ஆல் பெருக்கினால் 285714, 3ஆல் பெருக்கினால் 428571. அதே இலக்கங்கள் 6 வரை வரிசை குலையாமல் சுற்றிவருகின்றன. 7ஆல் பெருக்கினால் 999999. ஒன்றை ஏழால் வகுக்கும்போது 1, 3, 2, 6, 4, 5 என ஆறு மீதிகளும் ஒருமுறை வந்துவிட்டு மறுபடி தொடங்குவதே காரணம். குலுக்கலில் எல்லாச் சீட்டும் ஒன்றுதான்.

4,294,967,297 முதன்மை எண்ணா? 100 வரையுள்ள முதன்மை எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துவிட்டேன், மீதி வருகிறது. (உயர்தர மாணவி, ஹட்டன்)

முதன்மை எண் என்றால் 1ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுவது. நூறோடு நிறுத்தியதுதான் கோளாறு. இது 641 × 6,700,417. ஆனால் நீங்கள் தடுமாறிய இடத்தில் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மாவே சறுக்கியிருக்கிறார். 2இன் 32ஆம் வலுவோடு 1ஐக் கூட்டினால் வருவது இந்த எண். வலுவை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே வந்தால் 3, 5, 17, 257, 65,537 என்று போகும் வரிசையில் இது ஆறாவது. முதல் ஐந்தும் முதன்மை எண்கள் என்பதால் மிச்சமும் அப்படித்தான் என்று 17ஆம் நூற்றாண்டில் அவர் நம்பினார். 1732இல் சுவிஸ் கணித மேதை ஒய்லர் அதை உடைத்தார்.

641 என்பது 116ஆவது முதன்மை எண். ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டு போனால் கொப்பி தீர்ந்துவிடும். ஒய்லர் கண்ட சூட்சுமம் வேறு: இந்த எண்ணின் முதன்மைக் காரணி எதுவானாலும் அது 64இன் மடங்கைவிட 1 கூடுதலாகவே இருக்க வேண்டும். 65, 129, 321, 385, 513 ஆகியவை முதன்மை எண்கள் அல்ல, தள்ளிவிடலாம். மிஞ்சுவன 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலில் வேலை முடிந்தது!

வகுக்காமலும் நிறுவலாம். 641 = 5 × 128 + 1; அதுவே 625 + 16 ஆகவும் இருக்கிறது. இந்த இரண்டு வரிகளிலிருந்து முயன்று பாருங்கள். விடையைச் சொல்லி உங்கள் சுகத்தைக் கெடுக்க மாட்டேன்.

மிகப் பெரிய முதன்மை எண் எது? (மஸ்கெலியா வாசகர்)

அப்படி ஒன்று இல்லை என்று பண்டைய கிரேக்கக் கணிதர் யூக்ளிட் எப்போதோ நிறுவிவிட்டார். 2024 ஒக்டோபரில் கண்டுபிடிக்கப்பட்ட ஒன்றுக்கு 41,024,320 இலக்கங்கள்.

செக்ரோல் (தொழிலாளர் வரவுப் பதிவேடு) தொகையும் சம்பளப் பட்டியலும் 270 ரூபாவால் இடிக்கின்றன. எங்கே தேடுவது? (தோட்ட அலுவலகம், தலவாக்கலை)

270ஐ 9 மீதியின்றி வகுக்கிறது. அப்படியென்றால் அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று முதலில் சந்தேகியுங்கள். அப்படி மாறினால் வித்தியாசம் எப்போதும் 9இன் மடங்கு. 270 என்பது 90 × 3. ஆகவே பத்தாம் இடமும் நூறாம் இடமும் மாறியிருக்கும், அந்த இலக்கங்களுக்கிடையே 3 வித்தியாசம் இருக்கும். 1,470ஐ 1,740 என்று எழுதியதுபோல. இலக்கங்களைக் கூட்டிச் சரிபார்க்கும் பழைய முறை இந்தப் பிழையைக் காட்டாது. இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாதல்லவா? 1ம் 4ம், 2ம் 5ம், 4ம் 7ம் அருகருகே வரும் வரிகளை முதலில் பாருங்கள்.