பட்டனில் என்ன எழுதுவது?

கேள்வி: நானும் அண்ணியும் சின்னாளபட்டிச் சுங்குடிப் புடவை விற்கிறோம். வாங்கியவர்கள் 600 பேருக்கு மாதம் ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறோம். 'படங்கள் அருமை' என்று பதில் வருகிறது, ஆர்டர் வருவதில்லை. கடிதத்தின் அடியில் 'இங்கே கிளிக் செய்யவும்' என்று பட்டன் வைத்திருக்கிறோம். வேறு என்ன எழுதலாம்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: நீங்கள் அனுப்பிய கடிதத்தைக் கைப்பேசியில் திறந்து பார்த்தேன், சகோதரி. எட்டுப் புடவைகள், பண்டிகை வாழ்த்து, பேஸ்புக், யூடியூப் சின்னங்கள். எல்லாம் தாண்டி, நான்கு முறை தள்ளிய பிறகுதான் பட்டன் வந்தது. அழுத்தினால் கடையின் முகப்புப் பக்கம் திறந்தது. நான் ஆசைப்பட்ட அரக்குப் புடவையை அங்கே காணவில்லை.

பத்திரிகை வேலைக்கு வந்த புதிதில் சந்தாக் கூப்பனுக்கு வாசகம் எழுதினேன். புள்ளிக்கோட்டின் ஓரத்தில் கத்தரிக்கோல் படம், அதன் மேல் 'வெட்டி அனுப்புங்கள்'. ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். "வெட்டுகிறவருக்கு என்ன கிடைக்கும் என்று எழுதம்மா" என்றார். உங்கள் பட்டனிலும் அதே குறைதான்.

அதற்காக 'உடனே வாங்குங்கள்' என்று மாற்றிவிடாதீர்கள். முந்தானையை விரித்துப் பார்க்காமல் யார் பணம் எடுப்பார்கள்? 2008 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஒபாமா அணியினர் தங்கள் இணையப் பக்கத்தில் 'பதிவு செய்யுங்கள்', 'மேலும் அறியுங்கள்' எனப் பட்டன் வாசகங்களை மாற்றி மாற்றி வைத்துச் சோதித்தார்கள். இரண்டாவதை வைத்தபோதுதான் அதிகம் பேர் பதிவு செய்தார்கள். நீங்கள் 'அரக்குப் புடவையின் முந்தானையைப் பாருங்கள்' என்று எழுதுங்கள். அழுத்தினால் நேரே அந்தப் புடவை வரட்டும். விலையும் ஆர்டர் கொடுக்கும் வசதியும் அங்கேயே இருக்கட்டும். ஒரு கடிதத்துக்கு ஒரு புடவை போதும். பட்டனைக் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள்.

இன்னொன்று, உங்கள் பட்டன் ஒரு படம். அவுட்லுக் போன்ற மின்னஞ்சல் செயலிகளில், பெறுபவர் அனுமதிக்கும்வரை படங்கள் தெரியாமல் போகலாம். அப்போது பட்டனும் போய்விடும். அதை எழுத்தாகவே அமைக்கச் சொல்லுங்கள்.

'இன்றே கடைசி' என்று எழுதியிருப்பதுதான் எனக்கு வருத்தம். மறுவாரமும் அதே விலைக்குத்தானே விற்கிறீர்கள்? அந்த 600 பேரும் உங்களை நம்பி முகவரி கொடுத்தவர்கள். அந்தச் சாயத்தில் 14 புடவைகள்தான் வந்தன என்றால், '14 மட்டுமே இருக்கின்றன' என்று எழுதுங்கள். அது உண்மை, தாராளமாகச் சொல்லலாம்.

அடுத்த மாதம் பாதிப் பேருக்குப் பழைய வாசகத்தையும் மீதிப் பேருக்குப் புதியதையும் அனுப்பிப் பாருங்கள். எத்தனை பேர் கடிதத்தைத் திறந்தார்கள் என்ற கணக்கை நம்ப வேண்டாம். 2021இல் ஆப்பிள் மெயிலில் வந்த மாற்றத்தால், படிக்காத கடிதமும் திறந்ததாகப் பதிவாகலாம். வந்த ஆர்டர்களை எண்ணுங்கள். அரக்குப் புடவை விற்காமல் இருந்தால் எனக்கு எடுத்துவையுங்கள்.